மின்புலத்தில் கெட்டிப்படும் திரவம்: நெகிழ்வுத் தகைவை அளக்கும் முறை

மின்கடத்தா எண்ணெயில் நுண்துகள்களைக் கலந்து வலுவான மின்புலத்தில் வைத்தால், மோர்போல் ஓடிய கலவை சில மில்லிநொடிகளில் கெட்டித் தயிர்போல் நின்றுவிடும். வில்லிஸ் வின்ஸ்லோ 1947இல் காப்புரிமை பெற்று, 1949இல் கட்டுரையாகவும் வெளியிட்ட விளைவு இது. துகள்கள் மின்முனைவுற்று, ஒரு மின்வாயிலிருந்து மறு மின்வாய்வரை சங்கிலிகளாகக் கோத்துக்கொள்கின்றன. அச்சங்கிலிகளை அறுத்துத் திரவத்தை ஓடவைக்கத் தேவையான குறைந்தபட்சத் தகைவே (ஓரலகு பரப்பின்மீதான விசையே) நெகிழ்வுத் தகைவு. அதை அளக்க விரும்பும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் வாங்கிய சோளமாவும் சிலிக்கோன் எண்ணெயும் தொடக்கத்துக்குப் போதும். 70 மில்லிலிட்டர் எண்ணெயில் 45 கிராம் மாவைக் கலந்தால், கன அளவில் ஏறக்குறைய 30 விழுக்காடு துகள் இருக்கும். மாவு அடியில் படியும் என்பதால் ஒவ்வோர் அளவீட்டுக்கும் முன் கிளறிவிட வேண்டும்.

நம் ஊரில் உண்மையான எதிரி ஈரம்தான். காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும் காற்றின் ஈரப்பதம் மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். மாவும் அதற்கேற்ப ஈரத்தை இழுக்கும், விடும். முதன்முறை என் காலை அளவும் பிற்பகல் அளவும் ஒத்துவராமல், கருவியைக் குறைகூறி இரண்டு வாரம் கழித்த பிறகே, மூடாமல் கிடந்த மாவு டப்பா கண்ணில் பட்டது. அதற்காக மாவை முற்றிலும் உலர்த்திவிடக் கூடாது, ஏனெனில் சோளமாவில் சிறிதளவு ஈரமே முனைவாக்கத்துக்குத் துணைசெய்கிறது. ஈரம் மிகுந்தாலோ மின்கசிவு கூடி, பொறி பறக்கும். ஆகவே ஓரளவு உலர்த்திய மாவைச் சிலிக்கா ஜெல்லுடன் இறுக மூடிவைத்து, ஒவ்வொரு முறையும் எடைபோட்டு, ஈரம் மாறவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள்.

அளப்பதற்கு, ஒன்றினுள் ஒன்றாக, 1 மில்லிமீட்டர் இடைவெளியுடன் அமைந்த ஒருமைய உருளைகள் வசதியானவை; அந்த இடைவெளியில் கலவையை நிரப்ப வேண்டும். வெளி உருளையைப் புவியுடன் இணைத்து, உள் உருளைக்கு 500 வோல்ட் முதல் 3000 வோல்ட் வரை படிப்படியாகக் கொடுங்கள். நேர்திசை மின்னழுத்தம் துகள்களை ஒரு மின்வாயை நோக்கித் தள்ளிவிடக்கூடும் என்பதால், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னழுத்தத்தையே நான் விரும்புவேன். மின்னோட்டத்துக்கு வரம்பு வைத்த மின்வழங்கியை மட்டும், மேற்பார்வையாளர் உடனிருக்கும்போது பயன்படுத்துங்கள். அணைத்த பின்னும் உள் உருளையைப் புவியுடன் இணைத்து மின்னிறக்கம் செய்யாமல் தொட வேண்டாம்.

புலம் இல்லாமல் சிறிது நேரம் சுழற்றிப் பழைய சங்கிலிகளைக் கலைத்துவிட்டு, புலத்தைக் கொடுத்து, திருப்புவிசையை மெல்ல உயர்த்துங்கள். உள் உருளை அசையத் தொடங்கும் கணத்துத் திருப்புவிசையை, ஆரத்தின் இருமடி, உருளையின் நீளம், 2π ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுத்தால் தகைவு கிடைக்கும். ஆரம் 10, நீளம் 30 மில்லிமீட்டர் எனில், 100 பாஸ்கல் தகைவுக்கு 1.9 மில்லிநியூட்டன் மீட்டர்தான் வரும். அவ்வளவு சிறியதை உணரும் கருவி வேண்டும்.

தகைவு, மின்புலம் இரண்டின் மடக்கைகளையும் வரைபடமாக்குங்கள். குறைந்த புலத்தில் கோட்டின் சாய்வு 2 ஆக, அதாவது புலம் இருமடங்கானால் தகைவு நான்கு மடங்காக இருக்க வேண்டும். உயர்ந்த புலத்தில், துகள்கள் நெருங்கும் இடுக்குகளில் எண்ணெயின் கடத்துதிறன் பெருகுவதால் சாய்வு 1.5ஐ நோக்கி இறங்கும். ஹாங்காங் ஆய்வாளர்கள் 2003இல் அறிவித்த, யூரியா பூசிய நுண்துகள் திரவத்தில் தகைவு 130 கிலோபாஸ்கல் வரை எட்டியதோடு, புலத்துக்கு நேர்விகிதத்திலும் உயர்ந்தது. சோளமாவில் சாய்வு 1 வந்தால் அதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடாமல், ஒவ்வொரு புள்ளியிலும் குறித்துவைத்த மின்னோட்டத்தை முதலில் பாருங்கள். அது திடீரென ஏறியிருந்தால், மாவு டப்பாவின் மூடியைச் சரிபாருங்கள்.