பியூரிட்டன் குடியேற்றத்தைக் குழப்பமில்லாமல் படிக்க ஒரு வழி

இங்கிலாந்துத் திருச்சபையைச் சுத்தப்படுத்த வேண்டும் என்ற பியூரிட்டன்கள் குடியேறிய, அமெரிக்காவின் ஆரம்பக் காலத்தைப் படிக்க உட்காருகிறவர்கள் பலரும் மேஃபிளவர் கப்பல் வரைக்கும் நன்றாகப் போவார்கள். அப்புறம் வின்த்ராப், டட்லி, வில்லியம்ஸ், ஹூக்கர் என்று பெயர்கள் வரிசையாக வந்து விழுந்ததும், யார் எந்த ஊர், யாருக்கு யாரோடு பகை என்றே பிடிபடாமல் புத்தகத்தை மூடிவிடுவார்கள். பெயர்களை மனப்பாடம் செய்யாதீர்கள். யாருக்கும் யாருக்கும் எதில் தகராறு என்பதைப் பிடித்துக்கொண்டு போங்கள், ஏனென்றால் அவர்கள் குடியேறிய வடகிழக்கு அமெரிக்கப் பகுதியான நியூ இங்கிலாந்தின் வரைபடமே பெரும்பாலும் அந்தத் தகராறுகளால் உருவானதுதான்.

முதல் வேலை, இரண்டு கூட்டத்தைத் தனித்தனியாகப் பிரிப்பது. 1620இல் மேஃபிளவரில் வந்த 102 பயணிகளில் முக்கியமானவர்கள், இங்கிலாந்துத் திருச்சபை இனித் திருந்தாது என்று அதைவிட்டே விலகி, ஹாலந்தின் லைடன் நகரில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு வந்தவர்கள். அவர்கள் ஊர் பிளிமத். முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தார்கள். முதல் ஆளுநர் ஜான் கார்வரும் 1621இல் இறக்க, அந்த இடத்துக்கு வந்த வில்லியம் பிராட்ஃபோர்ட் 30 தடவைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1630இல் ஜான் வின்த்ராப் தலைமையில் 11 கப்பல்களில் சுமார் 700 பேராக வந்தவர்கள் வேறு ஆட்கள். திருச்சபையைவிட்டு விலகவில்லை, அதைச் சுத்தப்படுத்துகிறோம் என்றவர்கள். அவர்களுடையது மாசச்சூசெட்ஸ் பே. இரண்டு குடியேற்றங்களும் 1691 வரை தனித்தனிதான்.

ஏன் கிளம்பினார்கள் என்பதற்கு 1629, 1640 என்ற இரண்டு ஆண்டுகளை நினைவில் வைத்தால் போதும். இங்கிலாந்து அரசர் முதல் சார்லஸ் 1629இல் நாடாளுமன்றத்தைக் கலைத்தார், 1640இல்தான் மறுபடி கூட்டினார். நாடாளுமன்றத்தின் வழியாகத் திருச்சபையைத் திருத்தலாம் என்ற நம்பிக்கை போன அந்த இடைப்பட்ட காலத்தில் சுமார் 20,000 பேர் நியூ இங்கிலாந்துக்கு வந்தார்கள், அதன்பின் வருகை சட்டென்று வற்றிவிட்டது.

அடுத்து, சாசனத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். மாசச்சூசெட்ஸ் பே என்பது சட்டப்படி ஒரு வணிகக் கம்பெனி. அதற்கு அரசர் தந்த சாசனத்தில், கூட்டங்கள் எந்த ஊரில் நடக்க வேண்டும் என்று எழுதப்படவில்லை. 1629 ஆகஸ்டில் 12 பேர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கூடி, நிர்வாகத்தையும் சாசனத்தையும் கையோடு கொண்டுபோக முடிந்தால் குடும்பத்தோடு கிளம்புகிறோம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். அந்தத் தாள் கடல் தாண்டியதும் கம்பெனியின் பொதுக்கூட்டம் ஒரு குடியேற்றத்தின் சட்டசபையாகவும், கம்பெனி உறுப்பினர் வாக்காளராகவும் ஆனார்கள். 1631இல் திருச்சபை உறுப்பினருக்கு மட்டுமே வாக்கு என்று முடிவானது. 1634இல் ஊர்களின் பிரதிநிதிகள் வந்து, அந்தச் சாசனத்தைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். சட்டம் இயற்றும் அதிகாரம் எல்லா உறுப்பினர்களுக்கும் உண்டு என்று அதில் இருந்தது. அந்த வருடத் தேர்தலில் வின்த்ராப் போய் தாமஸ் டட்லி ஆளுநரானார்.

தேதிகளில் ஜாக்கிரதையாக இருங்கள். அன்றைய ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25இல் தொடங்கியது, அதனால் கனெக்டிகட் குடியேற்றத்தின் ஆட்சி விதிகளான அடிப்படை ஆணைகளின் தேதி ஓரிடத்தில் 1638 ஜனவரி என்றும் இன்னோரிடத்தில் 1639 ஜனவரி என்றும் இருக்கும். இரண்டும் ஒரே நாள்தான். குறிப்பெடுக்கும்போது 1638/39 என்று எழுதிவிடுங்கள். மாதங்களின் பெயர்களில் பழைய ரோமானியத் தெய்வங்கள் இருந்ததால் பல பியூரிட்டன்கள் எண்ணாலேயே மாதத்தைக் குறித்தார்கள், முதல் மாதம் என்றால் மார்ச், பதினோராம் மாதம் என்றால் ஜனவரி.

சரி, இப்போது ஒரு தாளை எடுத்து நடுவில் மாசச்சூசெட்ஸ் பேயின் தலைநகரான பாஸ்டன் என்று எழுதி அங்கிருந்து அம்புக்குறி போடுங்கள். பூர்வகுடிகளின் நிலத்தைத் தானம் செய்ய அரசருக்கு உரிமையில்லை, மனசாட்சி விஷயத்தில் நீதிபதிகள் தலையிடக் கூடாது என்ற போதகர் ரோஜர் வில்லியம்ஸை 1635இல் நாடுகடத்தத் தீர்ப்பானது. 1636இல் அவர் உருவாக்கிய ஊர் பிராவிடன்ஸ். அந்தப் பக்கம் போகச் சொல்லி அந்தரங்கமாக வழிகாட்டியது வின்த்ராப்தான் என்று வில்லியம்ஸே பின்னாளில் எழுதினார், ஆகவே பகை என்று மட்டும் குறித்துவிடாதீர்கள். வீட்டில் கூட்டம் கூட்டிப் பிரசங்கங்களை அலசிய ஆன் ஹட்சின்சனை 1637இல் விசாரித்தபோதோ, தலைமை தாங்கியதும் குற்றம் சாட்டியதும் அதே வின்த்ராப். இன்னோர் அம்பு, தன் சபையோடு 1636இல் கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டுக்குப் போன போதகர் தாமஸ் ஹூக்கருக்கு. அவரை யாரும் துரத்தவில்லை.

அதே தாளில் அந்த மண்ணின் பூர்வகுடிகளான வாம்பனோவாக், நாரகன்செட், பீக்வாட் மக்களின் பெயர்களையும் கட்டாயம் எழுதுங்கள். பிளிமத் எழுந்த இடம், சில ஆண்டுகளுக்கு முன் கொள்ளைநோயில் காலியான பட்டுக்செட் கிராமம். 1637 மே மாதம் மிஸ்டிக்கில் பீக்வாட் குடியிருப்பை ஆங்கிலேயர் தீவைத்து, பெண்கள் குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். தலைவர்களின் குறிப்புகளை மட்டும் படித்தால் இதைக் கடவுள் தந்த வெற்றி என்றே படிக்க நேரும்.

கடைசியாக, வின்த்ராப்பின் நாட்குறிப்பைத் திறக்கும்போது அவருடைய கடிதங்களையும் பக்கத்தில் வையுங்கள். 1630 ஜூலை 2 அன்று, மகன் ஹென்றி சேலத்தில் மூழ்கி இறந்தான் என்று நாட்குறிப்பில் ஒரே ஒரு வரிதான் இருக்கும். இரண்டு வாரம் கழித்து இங்கிலாந்திலிருந்த மனைவி மார்கரெட்டுக்கு எழுதிய கடிதத்தில் அதே மனிதர், என் மகன் ஹென்றி, என் மகன் ஹென்றி என்று இரண்டு முறை எழுதியிருப்பார்.