‘பாத்துக்கலாம்’ என்று எழுதின பேப்பருக்குச் சரி சொல்லாதீர்கள்

சத்துவாச்சாரியில் அம்மா வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பக்கத்துத் தெரு அக்கா மகள் நர்ஸ் வேலைக்கு அடுத்த மாசம் இங்கிலாந்து கிளம்புகிறாள். பையனுக்கு நாலு வயசு, ஆட்டிசம். "அங்க ஸ்கூல்ல எப்படிண்ணா சேக்கறது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதுதான் இது. வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கமிருந்து வருகிற எல்லாருக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து போகிறவர்களுக்கு மட்டும் சட்டம் வேறு.

நம்மூரில் எல்.கே.ஜி. அட்மிஷனுக்குப் போகும்போது விஷயத்தை மறைப்போம். சொன்னால் சீட் கிடைக்காது. அங்கே முதல் ஃபாரத்திலேயே எழுதிவிடுங்கள். நாலு வயசு முடிந்ததும் வருகிற செப்டம்பரில் ரிசப்ஷன், அதாவது பள்ளியின் முதல் வகுப்பு. அதற்கு ஜனவரி 15க்குள் கவுன்சிலில், அதாவது அந்த ஊர் நிர்வாகத்தில், விண்ணப்பம். அரசுப் பள்ளியில் ஃபீஸ் கிடையாது. ஒவ்வொரு பள்ளியிலும் சென்கோ என்று ஒரு ஆசிரியர் இருப்பார், இந்தப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு அவர்தான். கூடுதல் உதவி வேண்டுமென்றால் இ.எச்.சி.பி. என்ற பிளான் வேண்டும், பிள்ளைக்கு என்ன தேவை, என்ன உதவி என்று கவுன்சில் எழுதித் தருகிற பத்திரம் அது. பள்ளி கேட்கும் என்று காத்திருக்காமல் நீங்களே கவுன்சிலுக்கு எழுதலாம். 6 வாரத்தில் மதிப்பீடு செய்வோமா மாட்டோமா என்று சொல்ல வேண்டும், 20 வாரத்தில் பிளான் முடிய வேண்டும். விசா போய்விடுமோ என்று பயந்து இதைக் கேட்காமல் விட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும். படிப்பு உதவி வேறு, டி.எல்.ஏ. என்ற உதவித்தொகை வேறு. அரசுப் பணம் வாங்கக்கூடாது என்று விசாவில் இருந்தால் டி.எல்.ஏ. பக்கம் போகாதீர்கள், அவ்வளவுதான்.

இனி, அங்கே என் மகனுக்காக இந்தப் பிளான் கேட்டு நான் அடிபட்ட இடம்.

பிளானின் வரைவு வந்தது. இருபது பக்கத்துக்கு மேல். 15 நாளில் பதில் சொல்லச் சொன்னார்கள். என் மகனைப் பற்றி அத்தனை அன்பாக எழுதியிருந்தார்கள், படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. "பேச்சுப் பயிற்சியாளரின் ஆலோசனை தேவைக்கேற்ப கிடைக்கும்", "பெரியவர் ஒருவரின் துணை பெற வாய்ப்பு அளிக்கப்படும்". ரொம்ப நன்றி என்று அன்று ராத்திரியே மெயில் போட்டேன். ஆபீசர் எழுதியதில் திருத்தம் சொல்கிற பழக்கம் நமக்கு ஏது?

அந்த இங்கிலீஷைத் தமிழில் சொன்னால் ஒரே வார்த்தைதான்: பாத்துக்கலாம். கல்யாண வீட்டில் கேட்டரிங்காரர் சொல்கிற அதே பாத்துக்கலாம்.

பயிற்சியாளர் டெர்முக்கு ஒரு தடவை வந்தார். டீச்சரிடம் பேசிவிட்டுப் போனார். மகனிடம் உட்காரவே இல்லை. முப்பது பிள்ளைகள் வகுப்பில் அவன் மேஜைக்கு அடியில் கிடந்தான். பதினொரு மணிக்கே போன் வரும், "இன்றைக்கு அவனால் முடியவில்லை, கூட்டிப் போகிறீர்களா?" மூன்று மாசம் நானும் நல்ல பிள்ளையாகப் போய்க் கூட்டி வந்தேன். முறைப்படி எழுதித் தராமல் அப்படி அனுப்புவதே சட்டவிரோதம் என்று பிறகுதான் தெரிந்தது. கேட்டதற்கு, "பிளானில் எத்தனை மணி நேரம் என்று இல்லையே" என்றார்கள். இல்லைதான்!

பிளானில் எஃப் பகுதிதான் என்ன உதவி என்று சொல்வது, அதில் எழுதியதைக் கவுன்சில் செய்தே ஆக வேண்டும், 2014ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. அதனால்தான் அந்தப் பகுதியில் எண்ணே இல்லாமல் எழுதப் பார்ப்பார்கள். யார், வாரத்துக்கு எத்தனை தடவை, எத்தனை நிமிஷம், தனியாகவா கூட்டத்திலா என்று ஒவ்வொரு வரியிலும் இருக்கிறதா பாருங்கள். இல்லாத வரியைச் சுட்டிக்காட்டி எழுதுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால், இறுதி முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து 2 மாசத்துக்குள் டிரிப்யூனலுக்கு மேல்முறையீடு போகலாம். இப்சியா என்ற தொண்டு நிறுவனத்தில் இலவசமாக ஆலோசனை சொல்கிறார்கள்.

ஐ பகுதியில்தான் பள்ளியின் பெயர் வரும். சாதாரணப் பள்ளி, அதற்குள்ளேயே தனிப் பிரிவு உள்ள பள்ளி, சிறப்புப் பள்ளி மூன்றையும் நேரில் பாருங்கள். நாம் கட்டடத்தையும் யூனிஃபார்மையும் பார்த்து மயங்குகிறவர்கள். ஹெட்மாஸ்டர் ரூமில் டீ குடித்துவிட்டு வராதீர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய், அந்த இரைச்சலில் காதைப் பொத்திக்கொள்கிற பிள்ளையை யார் எங்கே கூட்டிப் போகிறார்கள் என்று கவனியுங்கள். எனக்கு அந்தப் பதில் தனிப் பிரிவு உள்ள பள்ளியில் கிடைத்தது. பிளானை மறுபடி பார்க்கிற வருஷாந்திரக் கூட்டத்தில் சண்டை போட்டு எண்களை ஏற்றி, அவனை அங்கே மாற்றினேன். சிறப்புப் பள்ளி என்றதும் என் அம்மா, "ஊர்ல இன்னா சொல்லுவாங்க? உங்க மாமனே அஞ்சு வயசுலதான் பேசனான்" என்று ஒரு பாட்டம் அழுதாள். சில பிள்ளைகளுக்கு அதுதான் சரி. ஊர் வந்து அவனுக்குச் சோறு ஊட்டப் போவதில்லை.

அக்கா மகளிடம் பாகாயம் நம்பிக்கை நிலையத்து (சி.எம்.சி.யின் குழந்தை வளர்ச்சிப் பிரிவு) ஃபைல் இருக்கிறது. ரிப்போர்ட், பயிற்சிக் குறிப்பு எல்லாவற்றுக்கும் ரெண்டு நகல் எடுத்து, ஒரிஜினலைக் கைப்பையில் வைக்கச் சொன்னேன். அவள் பெட்டியில் முக்கால்வாசி குழம்புப்பொடி. பையன் இரைச்சலில் என்ன செய்கிறான் என்பதற்கு வீடியோவும் வேண்டும். நாளைக்குக் காட்பாடி ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய் எடுத்துவிடலாம் என்றிருக்கிறோம். என் மகனும் வருகிறான், அவனுக்கு கூட்ஸ் வண்டி எண்ண வேண்டும்.