வயது ஏறியபின் இரட்டையர் ஆடுவது எப்படி: எண்டோவைப் பார்த்துக் கற்றது

முதலில் ஒரு மேட்சைப் பார்த்துவிட்டு வாருங்கள். 2020 மார்ச் 15, பர்மிங்காமில் நடந்த ஆல் இங்கிலாந்து பேட்மிண்டன் ஆண்கள் இரட்டையர் இறுதிப்போட்டி. யூடியூபில் தேடினால் கிடைக்கும். ஒரு பக்கம் அப்போது உலகின் முதல்நிலை ஜோடியாக இருந்த இந்தோனேஷியாவின் மார்கஸ் கிடியோனும் கெவின் சுகமுல்ஜோவும். எதிரே ஜப்பானின் ஹிரோயுகி எண்டோவும் யூதா வதனாபேயும்.

பார்க்கும்போது ஷட்டிலைப் பார்க்காதீர்கள். கண் தானாக அதன் பின்னாலேயே ஓடும், முதல் பத்து நிமிடம் கஷ்டமாகத்தான் இருக்கும். எண்டோவின் இடுப்பையும் அவர் பேட்டின் தலையையும் மட்டும் பாருங்கள். இரண்டு கேம் அப்படிப் பார்த்த பிறகுதான் நான் பதினைந்து வருடமாகத் தவறாக நின்றுகொண்டிருந்தேன் என்று எனக்குப் புரிந்தது.

எண்டோ 1986 டிசம்பரில் பிறந்தவர். அந்த இறுதிப்போட்டியில் அவருக்கு வயது 33, வதனாபேக்கு 22. எண்டோவுக்கு அது மூன்றாவது ஆல் இங்கிலாந்து இறுதி. 2013, 2014 இரண்டிலும் கெனிச்சி ஹயகாவாவுடன் இறுதிவரை வந்து தோற்றவர். 2014 மே மாதம் டெல்லியில் ஜப்பான் முதல்முறையாக, ஆண்கள் அணிகளுக்கான உலகப் போட்டியான தாமஸ் கோப்பையை வென்றபோது, இறுதியில் மலேசியாவுக்கு எதிராக இரட்டையரில் கிடைத்த ஒரே வெற்றி இந்த ஜோடியுடையது. ரியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு அந்தக் கூட்டணி முடிந்தது. அப்புறம் தன்னைவிடப் பத்து வயது சின்னவரான, இடக்கை ஆட்டக்காரரான வதனாபேயுடன் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அவருடைய பெரிய பட்டங்கள் அதற்குப் பிறகு வந்தவைதான்.

எனக்கு இப்போது நாற்பத்தொன்று. காலை ஐந்தரை மணி பேட்ச். என் பார்ட்னருக்கு இருபத்தாறு. பின்கோட்டிலிருந்து எகிறி அடிக்கும் ஸ்மாஷ் என்னிடம் இல்லை, முழங்கால் விடுவதில்லை. அவனிடம் இருக்கிறது. அதனால் எண்டோவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது தடுப்பாட்டம்.

நிற்கும் விதத்திலிருந்து தொடங்குவோம். நம்மில் பெரும்பாலோர் லிஃப்ட் (ஷட்டிலை உயரமாக எதிராளியின் பின்கோட்டுக்குத் தூக்கிவிடுவது) கொடுத்துவிட்டு நிமிர்ந்து நின்று வேடிக்கை பார்ப்போம், பேட் தொடைக்குப் பக்கத்தில் தொங்கும். எதிராளி அடித்த பிறகு அதைத் தூக்க நேரமே இருக்காது. கால்களைத் தோளைவிடக் கொஞ்சம் அகலமாக வையுங்கள். பாரம் பாதத்தின் முன்பகுதியில் இருக்கட்டும். ஒரு காலைப் பின்னால் தள்ளி நிற்பதைவிட இரண்டு காலும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருப்பது நல்லது, இரண்டு பக்கமும் போகலாம். பேட் வயிற்றுக்கு முன்னால், தலை மேல்நோக்கி. முக்கியமாக முழங்கையைப் பாருங்கள். அது விலாவோடு ஒட்டியிருந்தால் உடம்பை நோக்கி வரும் ஸ்மாஷை எடுக்கவே முடியாது. ஒரு சாண் முன்னால் தள்ளி வையுங்கள்.

பிடி பேக்ஹேண்ட், அதாவது புறங்கை எதிராளியைப் பார்க்க அடிக்கும் பிடி. கட்டைவிரல் கைப்பிடியின் அகலமான பக்கத்தில் படிந்திருக்க வேண்டும். வலக்கை ஆட்டக்காரரின் வலது இடுப்பைக் குறிவைத்து அடித்தால் திணறுவார் என்பது எல்லோருக்கும் தெரிந்த குறி. அந்தப் பந்தைக்கூட, இடுப்பைச் சற்று இடது பக்கம் நகர்த்தி, பேக்ஹேண்டிலேயே எடுத்துவிடலாம். ஷட்டில் வரும்வரை விரல்கள் தளர்வாக இருக்கட்டும், ஒரு முட்டையைப் பிடித்திருப்பது போல. தொடும் நொடியில் மட்டும் இறுக்குங்கள். கையை வீச வேண்டாம். ஸ்மாஷின் வேகமே ஷட்டிலைத் திருப்பி அனுப்பிவிடும்.

இதைப் பழக நான் செய்தது சுவர்ப் பயிற்சி. சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று, பிளாஸ்டிக் ஷட்டிலை பேக்ஹேண்டில் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இறகு ஷட்டில் வேண்டாம், ஐந்து நிமிடத்தில் பிய்ந்துவிடும். முதல் வாரம் எனக்குத் தொடர்ந்து எட்டுதான் வந்தது. ஒரு மாதத்தில் அறுபது வந்தது. தோள் வலித்தால் கையை வீசுகிறீர்கள் என்று அர்த்தம். வலி முன்னங்கையில் வந்தால் சரி, தொடரலாம்.

அடுத்தது, எங்கே திருப்பி அனுப்புவது. இந்த இடத்தில்தான் எண்டோவை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கெவின் நெட்டருகே நின்றால் தட்டையாக வரும் எதையும் கொன்றுவிடுவார். அவருடைய வேகத்தோடு வேகம் காட்டிய ஜோடிகள் அவரிடம் நிறையவே தோற்றிருக்கின்றன. எண்டோவும் வதனாபேயும் வேகத்தைக் கழித்தார்கள். ஒன்று பின்கோட்டின் மூலைக்கு உயரமாக லிஃப்ட், அல்லது நெட்டைத் தாண்டியதும் விழும் மெதுவான பிளாக். அடிக்கவிட்டு, அடிக்கவிட்டு, எதிராளிகளின் பொறுமையைச் சோதித்தார்கள். 2019 ஆசியச் சாம்பியன்ஷிப் இறுதியில் இதே ஜோடியை 21-18, 21-3 என்று வென்றார்கள். அந்த மூன்று புள்ளி கேமை இன்றைக்கும் எனக்கு நம்ப முடியவில்லை.

ஆகவே உங்கள் கோர்ட்டில் இப்படிச் செய்து பாருங்கள். முதல் ஸ்மாஷ் வந்தால் லிஃப்ட், நேராக அல்ல, அடித்தவரின் எதிர் மூலைக்கு. அவர் ஓடிப்போய் அடிக்கும் இரண்டாவது ஸ்மாஷ் கொஞ்சம் தளர்ந்திருக்கும். அதற்கு பிளாக், முன்னால் நிற்பவரிடமிருந்து விலகி. பிளாக் நன்றாக விழுந்தால் அவர்கள் தூக்கித்தான் கொடுக்க வேண்டும். அந்த நொடியில் நீங்கள் நெட்டுக்கு, பார்ட்னர் பின்னுக்கு. அரைகுறை உயரத்தில் நடுக்கோட்டுக்கு லிஃப்ட் கொடுப்பதைவிட அவுட் போவதே மேல் என்பேன், பார்ட்னரின் முகத்துக்கு ஆபத்தில்லை.

நடுவில் வரும் ஷட்டில் யாருடையது என்ற சண்டை எல்லா கோர்ட்டிலும் உண்டு. எங்களுக்குள் வைத்துக்கொண்ட விதி, அடிப்பவருக்கு நேர் எதிரே நிற்பவர் ஓரக்கோட்டைப் பார்க்க வேண்டும், குறுக்கே நிற்பவர் உள்ளே தள்ளி நின்று நடுவை எடுக்க வேண்டும். இடக்கைப் பார்ட்னர் கிடைத்தால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. வலக்கைக்காரர் வலப்பக்கமும் இடக்கைக்காரர் இடப்பக்கமும் நின்றால் இருவரின் பேக்ஹேண்டும் நடுவில் சேரும். பக்கம் மாறினால் ஃபோர்ஹேண்ட் இரண்டும் நடுவில். எது உங்களுக்குப் பலம் என்று ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள்.

பேசுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் பார்ட்னர் தவறு செய்தால் நான் அவன் முகத்தைப் பார்ப்பேன். ஒருநாள் அவனே சொன்னான், “அண்ணே, நீங்க பார்க்கும்போதுதான் அடுத்ததும் நெட்ல போகுது.” முதலில் சொன்ன 2020 இறுதிப்போட்டியின் இரண்டாவது கேமை ஜப்பான் ஜோடி 12-21 என்று இழந்தது. அதற்குப் பிறகு எண்டோ முகத்தைப் பாருங்கள், எந்த மாற்றமும் இல்லை. மூன்றாவது கேம் 21-19. அதிலிருந்து நான் புள்ளி போனதும் பேட்டின் நரம்பைப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

இந்த ஆட்டத்தைப் பழகியவர்கள் இன்னும் இரண்டு மேட்ச் பார்க்கலாம். 2021 ஆல் இங்கிலாந்து இறுதியில் எண்டோ ஜோடி, டகேஷி கமுரா, கெய்கோ சோனோடா ஜோடியை 21-15, 17-21, 21-11 என்று வென்று பட்டத்தைத் தக்கவைத்தது. தட்டையான வேகத்துக்கு இந்தத் தடுப்பு எப்படிப் பதில் சொல்கிறது என்று அதில் தெரியும். இன்னொன்று அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதி. தைவானின் லீ யாங், வாங் சி-லின் 21-16, 21-19 என்று வென்று, பிறகு தங்கமும் வாங்கினார்கள். எண்டோவுக்கு அப்போது 34 வயது, அந்த ஆண்டே ஓய்வு பெற்றார். அந்தத் தோல்வியைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். 21-19 வரை போன அந்த இரண்டாவது கேமில், கடைசிப் புள்ளி வரைக்கும் அவருடைய முழங்கை விலாவுக்கு ஒரு சாண் முன்னால்தான் இருக்கிறது.