உரம் வாங்கும் முன் மண்ணைப் பாருங்கள்

புதிதாக விவசாயத்துக்கு வருபவர்கள் முதலில் கேட்பது, "என்ன உரம் போடலாம்?" என்றுதான். "உங்களுடையது என்ன மண்?" என்று திருப்பிக் கேட்டால் நிறத்தைச் சொல்வார்கள். நிறம் மட்டும் போதாது.

முதலில் கையால் பாருங்கள். ஒரு பிடி மண்ணில் கல், வேர் நீக்கி, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசையுங்கள். உருண்டையே பிடிக்காமல் உதிர்ந்தால் மணல். உருண்டை நின்று, கயிறாகத் திரிக்கும்போது அறுந்தால் மணலும் களியும் கலந்த இருமண். கயிறை வளையமாக வளைத்தும் விரிசல் விடாவிட்டால் களி. கோவில்பட்டிக் கரிசலைப் பிசைந்து பாருங்கள், விரலிடுக்கில் அப்பிக்கொண்டு கழுவினாலும் லேசில் போகாது. தண்ணீரையும் அப்படித்தான் இறுகப் பிடித்து வைக்கும். அங்கே மானாவாரிப் பருத்தி நிற்பது அதனால்தான். மணற்பாங்கான நிலத்தில் தண்ணீரோடு தழைச்சத்தும் கீழே இறங்கிவிடும். அதனால் தழைச்சத்து தரும் யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள்.

அடுத்து மண் மாதிரி. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். நானும் ஒருமுறை குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் அள்ளிக் கொடுத்துவிட்டேன். வயலுக்குச் சம்பந்தமே இல்லாத முடிவு வந்தது. வரப்போரம், மர நிழல், உரம் போட்ட இடம் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 முதல் 15 இடங்களில், மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, ஆங்கில 'வி' எழுத்துப் போலக் குழி வெட்டுங்கள். நெல், கடலைக்கு 15 செ.மீ. ஆழம், பருத்தி, கரும்பு, வாழைக்கு 22.5 செ.மீ. குழியின் சரிவில் மேலிருந்து அடிவரை ஒரே கனத்தில் சுரண்டி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து நான்காகப் பிரித்து, எதிரெதிர் பங்கு இரண்டைத் தள்ளுங்கள். அரை கிலோ ஆகும்வரை இப்படியே. நிழலில் உலர்த்தி, துணிப்பையில் கட்டி, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். அறுவடை முடிந்து நிலம் காலியாக இருக்கும் நாட்களே இதற்குத் தோது.

முடிவு வந்ததும் கார அமில நிலையையும் (pH) உப்பின் அளவையும் (EC, அலகு dS/m) முதலில் பாருங்கள். உப்பு 4-ஐத் தாண்டினால் உவர் நிலம். நல்ல தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும். உப்பு குறைவாக இருந்தும் கார நிலை 8.5-க்கு மேல் போனால் பெரும்பாலும் சோடியம் மிகுந்த களர் நிலம், அதற்கு ஜிப்சம். ஜிப்சத்தில் உள்ள கால்சியம், மண்ணோடு ஒட்டியிருக்கும் சோடியத்தைக் கழற்றிவிடும். வடிகால் வெட்டாமல் ஜிப்சம் போட்டால், கழன்ற சோடியம் வெளியேற வழியில்லாமல் அதே வயலில்தான் கிடக்கும். அதனால் மூட்டை வந்து இறங்கும் முன்பே வடிகாலை வெட்டிவிடுங்கள்.