'டு'வுக்குப் பின்னால் என்ன வரும்? ஆங்கில வினைகளுக்கு ஓர் ஆரம்பப் பாடம்

சிங்கப்பூர், மலேசியா வேலைக்கு யாங்கோனிலிருந்து மனுப் போடும் நம் பிள்ளைகளின் ஆங்கிலக் கடிதங்களில் சறுக்கல் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். சொற்கள் தெரியும், காலமும் ஓரளவு சரியாக வரும். ஒரு வினையிலிருந்து அடுத்த வினைக்குப் போகும்போதுதான் சிக்கல்: 'டு' போடுவதா, 'ஃபார்' போடுவதா, 'இங்' சேர்ப்பதா?

சிக்கல் வருவதில் ஆச்சரியம் இல்லை. வீட்டில் தமிழ், வெளியில் பர்மியம். இரண்டிலும் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். 'ரங்கூனுக்கு' என்றாலும் 'யாங்கோன்-கோ' என்றாலும் ஊர் முதலில், உருபு பிறகு. ஆங்கிலம் இதை அப்படியே திருப்பிப் போடுகிறது: 'டு யாங்கோன்'. இப்படி முன்னால் வரும் சொல்லைத்தான் ப்ரிபொசிஷன் என்கிறார்கள்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். சத்தமாகப் படியுங்கள், காதில் ஏறட்டும்.

படி 1: இரண்டு 'டு' இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

'ஐ வென்ட் டு த மார்க்கெட் டு பை ஃபிஷ்.' மீன் வாங்க மார்க்கெட்டுக்குப் போனேன்.

முதல் 'டு' ப்ரிபொசிஷன். அதற்குப் பின்னால் ஒரு பெயர், 'மார்க்கெட்'. நம் '-க்கு' செய்யும் வேலையை இது செய்கிறது. இரண்டாவது 'டு' வினையின் அடையாளம். அதற்குப் பின்னால் 'பை' என்ற வெறும் வினை, காலமும் கிடையாது, ஈறும் கிடையாது. இந்த ஜோடிக்குப் பெயர் இன்ஃபினிட்டிவ். நம் 'வாங்க', 'போக', 'வர' மாதிரி.

உண்மையில் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பழைய ஆங்கிலத்தில் வினைக்கு முன்னால் வந்த 'டு'வும் ப்ரிபொசிஷனாகத்தான் இருந்தது, வினைக்கும் ஒரு வேற்றுமை ஈறு உண்டு. அந்த ஈறு தேய்ந்து போய் 'டு' மட்டும் மிஞ்சியது. நாமும் 'வாங்குவதற்கு' என்று வினையோடு '-க்கு' சேர்க்கிறோம் அல்லவா, கிட்டத்தட்ட அதே கதைதான்.

படி 2: எந்த 'டு' என்று சோதித்துப் பாருங்கள்

'டு'வுக்குப் பின்னால் 'இட்' போட்டுப் பாருங்கள். வாக்கியம் நின்றால் அது ப்ரிபொசிஷன், ஆகவே அதன்பின் வரும் வினைக்கு 'இங்' வேண்டும். நிற்காவிட்டால் வெறும் வினை போதும்.

'ஐ வான்ட் டு இட்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் 'ஐ வான்ட் டு வொர்க்'.

'ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்' நன்றாக நிற்கிறது. அதனால் 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ'. வேலைக் கடிதத்தின் கடைசி வரியில் 'டு ஹியர்' என்று எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை.

இந்தச் சோதனையின் அருமை 'யூஸ்ட் டு'வில் தெரியும். 'ஐ யூஸ்ட் டு லிவ் இன் மோல்மீன்' என்றால் முன்பு மோல்மீனில் இருந்தேன், இப்போது இல்லை. 'ஐ ஆம் யூஸ்ட் டு லிவிங் இன் யாங்கோன்' என்றால் யாங்கோன் வாழ்க்கை பழகிவிட்டது. முதல் வாக்கியத்தில் 'இட்' நிற்காது. இரண்டாவதில் 'ஐ ஆம் யூஸ்ட் டு இட்' என்று தாராளமாகச் சொல்லலாம். நடுவில் ஒரு 'ஆம்' வந்ததும் பொருளே மாறிவிட்டது பாருங்கள்.

'அக்ரீ' மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். 'ஐ அக்ரீட் டு இட்' சரி, 'ஐ அக்ரீட் டு கோ' என்பதும் சரி. இதைத் தனியாக நினைவில் வையுங்கள்.

படி 3: மற்ற ப்ரிபொசிஷன்களுக்குப் பின்னால் 'இங்'

இன், அட், ஃபார், ஆஃப், வித்அவுட் எதுவானாலும் அடுத்து வினை வந்தால் 'இங்' சேருங்கள்.

'ஐ ஆம் இன்டரஸ்டட் இன் வொர்க்கிங் இன் சிங்கப்பூர்.'
'ஷி இஸ் குட் அட் ஸ்டிச்சிங்.'
'ஹி லெஃப்ட் வித்அவுட் பேயிங்.'

இதற்கு மனப்பாடம் தேவையில்லை, தமிழே வழிகாட்டும். 'வேலை செய்வதில் ஆர்வம்', 'தைப்பதில் கெட்டிக்காரி' என்கிறோம். 'செய்ய' என்பதோடு '-இல்' ஒட்டாது. வினையை முதலில் 'செய்வது' என்று பெயராக்கிய பிறகே உருபு சேர்க்கிறோம். ஆங்கிலத்தில் அந்தப் பெயராக்கும் வேலையை 'இங்' செய்கிறது.

விலக்குகள் சில உண்டு. 'ரயில் கிளம்பப் போகிறது' என்பதற்கு 'த ட்ரெய்ன் இஸ் அபவுட் டு லீவ்' என்பார்கள். 'ஐ டிட் நத்திங் பட் வெயிட்' என்பதில் 'பட்'டுக்குப் பின் வெறும் வினை. தொடக்கத்தில் இவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

படி 4: எதற்காகப் போனீர்கள்? 'ஃபார் பை' வேண்டாம்

'ஐ வென்ட் ஃபார் பை ஃபிஷ்' என்று யாங்கோனில் அடிக்கடி காதில் விழும். பர்மியத்தின் பாதிப்பு இது. பேச்சில் வரும் 'ஃபோ' பெயரோடும் சேரும், வினையோடும் சேரும். 'வெ-ஃபோ' என்றால் வாங்குவதற்கு. அந்த 'ஃபோ'வை அப்படியே 'ஃபார்' ஆக்கிவிடுகிறோம்.

பின்னால் பெயர் வந்தால் 'ஃபார் ஃபிஷ்', வினை வந்தால் 'டு பை ஃபிஷ்' என்று பிரித்துக்கொள்ளுங்கள். நோக்கத்தைச் சொல்லும் 'ஃபார்' உடன் 'இங்' வருவது ஒரு பொருளின் பயனைச் சொல்லும்போது மட்டும்தான்: 'திஸ் நைஃப் இஸ் ஃபார் கட்டிங் ஃபிஷ்.'

படி 5: நடுவில் ஆள் வந்தால்

'அவன் வரவேண்டும் என்று விரும்புகிறேன்.' இதிலுள்ள 'என்று' ஆங்கிலத்தில் 'தட்' ஆகி, 'ஐ வான்ட் தட் ஹி கம்ஸ்' என்று வந்து நிற்கும். 'வான்ட்' அதை ஏற்காது. 'ஐ வான்ட் ஹிம் டு கம்' என்பதே சரி. வினை, ஆள், டு, வினை. 'டெல்', 'ஆஸ்க்' எல்லாம் இதே வரிசைதான்: 'டெல் ஹெர் டு வெயிட்.'

'லெட்', 'மேக்' இரண்டுக்கும் 'டு' கிடையாது. 'லெட் மீ கோ' போதும்.

சில வினைகள் ஆளுக்கு முன்னால் ஒரு ப்ரிபொசிஷனையும் கேட்கும். சூலே பகோடா நிறுத்தத்தில் பஸ் வரக் காத்திருக்கிறீர்கள். 'ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் த பஸ் டு கம்.' 'வெயிட்' என்றால் 'ஃபார்' வேண்டும், பிறகு 'டு கம்'. 'அரேஞ்ச் ஃபார் அ டாக்ஸி டு கம்', 'ரிலை ஆன் ஹிம் டு ஹெல்ப்' எல்லாம் இந்த வகை. வினையைப் படிக்கும்போதே அதன் ப்ரிபொசிஷனையும் சேர்த்து 'வெயிட் ஃபார்', 'ரிலை ஆன்' என்று ஒரே சொல்லாக நோட்டில் எழுதிவிடுங்கள்.

படி 6: வால் ப்ரிபொசிஷன்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பலர் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான்.

'உட்கார ஒரு நாற்காலி' என்பதை 'அ சேர் டு சிட்' என்று எழுதினால் பாதியில் நிற்கிறது. 'அ சேர் டு சிட் ஆன்.' ஏன் அந்த 'ஆன்'? நாற்காலி மேல் உட்காருகிறோம், 'சிட் ஆன் அ சேர்'. நாற்காலி முன்னால் போய்விட்டாலும் 'ஆன்' தன் இடத்தை விட்டு நகராது.

தமிழில் இந்த வால் கிடையாது, 'உட்கார', 'எழுத' என்றாலே போதும். பர்மியத்திலும் வினையோடு 'ஸயா' ஒட்டினால் வேலை முடிந்தது. உட்காருவதற்கானது 'தைங்-ஸயா', தின்பண்டம் 'சா-ஸயா'. இரண்டு மொழியும் உதவாத இடம் இது. அதனால் ஒரு பழக்கம் வேண்டும்: எழுதும் முன் வாக்கியத்தை மனதில் நேராகப் போட்டுப் பாருங்கள்.

'ரைட்' என்ற ஒரே வினையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 'ஐ நீட் சம்திங் டு ரைட் வித்' என்றால் பேனா கேட்கிறார். 'சம்திங் டு ரைட் ஆன்' என்றால் காகிதம் வேண்டும். 'சம்திங் டு ரைட் அபவுட்' என்றால் பேனாவும் காகிதமும் தயார், என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டால் எதைக் கேட்கிறீர்கள் என்று எதிரில் இருப்பவருக்கு எப்படிப் புரியும்?

'அ ஹவுஸ் டு லிவ் இன்', 'சம்ஒன் டு டாக் டு', 'நத்திங் டு வரி அபவுட்' எல்லாம் இதே அச்சு. அப்புறம், எல்லாவற்றுக்கும் வால் தேவை என்று நினைத்துவிட வேண்டாம். 'சம்திங் டு ஈட்' அப்படியே நிற்கும், ஏனென்றால் 'ஈட் ரைஸ்' என்பதில் ப்ரிபொசிஷனே இல்லை.

பயிற்சி

பார்க்காமல் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.

1. வாய்ப்புக் கொடுத்ததற்கு நன்றி.
2. உங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன்.
3. மழை நிற்கக் காத்திருந்தோம்.
4. பையைத் தொங்கவிட ஒரு ஆணி வேண்டும்.
5. அம்மா என்னைப் பால் வாங்கச் சொன்னார்.

விடைகள்:

1. தேங்க் யூ ஃபார் கிவிங் மீ அ சான்ஸ்.
2. ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ.
3. வீ வெயிட்டட் ஃபார் த ரெய்ன் டு ஸ்டாப்.
4. ஐ நீட் அ நெயில் டு ஹேங் த பேக் ஆன்.
5. மை மதர் டோல்ட் மீ டு பை மில்க்.

நான்காவதில் 'ஆன்' விட்டுப்போனவர்கள் படி 6-ஐ இன்னொரு முறை சத்தமாகப் படியுங்கள்.