வலுவான கையைக் கவிழ்க்கலாமா: போக்கரில் எண்ணிப் பார்த்து முடிவெடுக்கும் முறை

டெக்சஸ் ஹோல்டெம் என்னும் போக்கர் ஆட்டத்தில் உதவாத கையைக் கவிழ்ப்பதற்கு, அதாவது பந்தயத்துக்கு ஈடு வைக்காமல் கைவிடுவதற்கு, பெரிய யோசனை தேவையில்லை. இரண்டு ஏஸ்களைக் கையில் வைத்திருக்கும்போது, ரிவரில் (மேசையில் விழும் ஐந்தாவது, கடைசிச் சீட்டில்) எதிராளி பாட் (நடுவில் சேர்ந்த சிப்புகள்) அளவுக்கே பந்தயம் வைத்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் சிப்புகளைத் தின்னும் கேள்வி. சீட்டு வந்த நொடியில் அந்தக் கை எவ்வளவு அழகாக இருந்தது என்பதற்கு அப்போது எந்த மதிப்பும் இல்லை. இந்தப் பந்தயத்தை இதே விதமாக வைக்கக்கூடிய கைகளில் எத்தனை நம்மை வெல்கின்றன, எத்தனை நம்மிடம் தோற்கின்றன என்பது மட்டுமே கணக்கில் வரும்.

அதற்கு முன் இரண்டு அச்சங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இப்போது முன்னால் இருக்கிறோம், ஆனால் அடுத்த சீட்டில் பின்தங்கிவிடலாம் என்பது ஒன்று. ஏற்கெனவே பின்தங்கிவிட்டோமோ என்பது மற்றொன்று. முதல் அச்சம் கவிழ்ப்பதற்கான காரணமே அல்ல. டர்னில் (மேசையின் நான்காவது சீட்டில்) எதிராளி ஃபிளஷுக்கு (ஒரே ஜாதியில் ஐந்து சீட்டுகளுக்கு) காத்திருக்கிறார் என்றால், நாம் பார்க்காத 46 சீட்டுகளில் அவருக்கு உதவுபவை 9 மட்டுமே. அதாவது ஏறத்தாழ 80 சதவீதம் நம் பக்கம் இருக்கிறது. அந்த நிலையில் செய்ய வேண்டியது அவரிடம் விலை கேட்பது, அதாவது நாமே பந்தயம் வைப்பது. கவிழ்ப்பதைப் பற்றிய பேச்சு இரண்டாவது அச்சத்தில்தான் தொடங்குகிறது.

அங்கே முதலில் பார்க்க வேண்டியது விலை. பாட்டில் பாதி அளவுக்குப் பந்தயம் வந்தால், நூற்றுக்கு 25 முறை வென்றாலே கால் செய்வது (அதே அளவு சிப்புகளை வைத்துத் தொடர்வது) நஷ்டமாகாது. பாட் அளவுக்கே வந்தால் 33 முறையும், அதைப்போல் இரு மடங்கு வந்தால் 40 முறையும் வெல்ல வேண்டும். ஆகவே பாட் அளவுப் பந்தயத்துக்குக் கால் செய்ய, நம்மை வெல்லும் ஒவ்வோர் இரண்டு கைகளுக்கும் எதிராளியிடம் ஒரு ப்ளஃபாவது (தோற்கும் கையோடு மிரட்டிப் பார்க்கும் பந்தயம்) இருந்தாக வேண்டும்.

இதை ஓர் ஆட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். நம்மிடம் ஸ்பேடு ஏஸும் டைமண்ட் ஏஸும் உள்ளன. ஃப்ளாப்பில் (மேசையின் முதல் மூன்று சீட்டுகளில்) ஹார்ட் 9, ஹார்ட் 8, கிளாவர் 4 விழுந்தன. நாம் பந்தயம் வைத்தோம், ஒருவர் கால் செய்தார். டர்னில் கிளாவர் 2, ரிவரில் ஸ்பேடு கிங். பாட்டில் 120 சிப்புகள் இருக்கும்போது அவர் 120 வைக்கிறார். நம்மை வெல்லும் கைகளில் முக்கியமானவற்றை எண்ணினால், மேசைச் சீட்டோடு சேர்ந்து மூன்றாகிவிடும் ஜோடி 9, ஜோடி 8, ஜோடி 4 ஆகியவற்றுக்குத் தலா 3 வழிகள் வீதம் 9; ஒரே ஜாதியில் 9-8 வைத்திருக்க 3 வழிகள்; ஒரே ஜாதியில் கிங்-9 வைத்திருக்க 2 வழிகள்; மொத்தம் 14. எனவே அவரிடம் 7 ப்ளஃபுகள் இருந்தால் போதும். ஸ்ட்ரெயிட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டுகளுக்கு) காத்திருந்து ஏமாந்த ஜாக்-10, 7-6 ஆகிய இரண்டுமே ஒரே ஜாதியில் தலா 4 வழிகளில் வருகின்றன. அவையே 8 ஆகிவிட்டன. ஹார்ட்டில் ஃபிளஷ் கிடைக்காமல் போன கைகளை இன்னும் எண்ணவேயில்லை. எதிராளி ப்ளஃப் செய்யக்கூடியவர் என்றால் இங்கே கவிழ்ப்பது தவறு.

இப்போது டர்னில் மட்டும் கிளாவர் 2-க்குப் பதிலாக ஹார்ட் 7 விழுந்ததாக வைத்துக்கொள்வோம். ஜாக்-10 அப்படியே ஸ்ட்ரெயிட் ஆகிவிட்டது, 6-5-உம் ஸ்ட்ரெயிட், இரண்டு ஹார்ட் வைத்திருந்தவர் எல்லாருக்கும் ஃபிளஷ். சற்று முன் நமக்குப் பணம் தரவிருந்த கைகளே அணி மாறி எதிரே நிற்கின்றன. ப்ளஃபாக மாறக் காத்திருந்த கைகளில் மிஞ்சியவை மிகச் சில. அதே ஏஸ்கள், அதே 120 சிப்புகள், ஆனாலும் இங்கே கவிழ்ப்பதே சரி. வலுவான கை என்று நாம் அழைப்பது பெரும்பாலும் மேசையில் விழுந்த சீட்டுகளின் தயவில்தான் இருக்கிறது.

நம் ஏஸ்களில் ஒன்று ஹார்ட் ஏஸாக இருந்தால் கணக்கு சற்று நகரும். எதிராளியிடம் மிக உயர்ந்த ஃபிளஷ் இருக்க முடியாது என்பது நல்ல செய்தி. ஆனால் இத்தகைய மேசையில் ப்ளஃப் செய்பவர்கள் அதிகம் நம்பியிருப்பது தனி ஹார்ட் ஏஸைத்தான். அது நம் கையில் இருப்பதால் அவருடைய ப்ளஃபுகளும் குறைகின்றன. பலர் முதல் பாதியை மட்டும் நினைத்துக் கால் செய்துவிடுகிறார்கள்.

இன்னும் ஒரு சீட்டு பாக்கியிருக்கும்போது, பின்தங்கியிருந்தாலும் மீள வழி உண்டா என்றும் பார்க்க வேண்டும். மேற்சொன்ன ஹார்ட் 7 விழுந்த டர்னில் நம்மிடம் ஜோடி 8 இருந்து (மேசையின் 8-உடன் சேர்ந்து மூன்று 8, அதாவது செட்), எதிராளிக்கு ஃபிளஷ் அமைந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், மீதியுள்ள ஒரு 8, தலா மூன்று 9, 7, 4 என 10 சீட்டுகள் ஃபிளஷை வெல்லும் கையைத் தந்து நம்மைக் காப்பாற்றும். ஏறத்தாழ 22 சதவீதம். பாதிப் பாட் பந்தயத்துக்கு 25 வேண்டும் என்றாலும், 120 பாட்டில் 60 கேட்கப்பட்டால், காப்பாற்றும் சீட்டு விழும்போது ரிவரில் அவரிடமிருந்து இன்னும் 40 சிப்புகள் பெற முடிந்தாலே அந்தப் பற்றாக்குறை நிரம்பிவிடும். ஹார்ட் இல்லாத இரண்டு ஏஸ்களுக்கோ அந்த ஃபிளஷுக்கு எதிரே ஒரு சீட்டுகூடத் துணைக்கு வராது. ஆகவே ஒரே டர்னில் செட்டை வைத்துக்கொண்டு ஏஸ்களைக் கவிழ்ப்பதில் முரண் எதுவும் இல்லை.

மீதமுள்ள சிப்புகளையும் கவனிக்க வேண்டும். ஃப்ளாப்பிலேயே இரு தரப்பிலும் ஒரு பாட் அளவுதான் மீதம் என்றால், ஓவர்பேரை (மேசைச் சீட்டுகளைவிடப் பெரிய ஜோடியை) கவிழ்க்க இடமே இருக்காது. பத்துப் பாட் அளவு இருந்தால், ஒற்றை ஜோடிக்காக அத்தனையும் உள்ளே போகும்போது எதிரே பெரும்பாலும் அதைவிடப் பெரிய கைதான் இருக்கும். மேசையில் மூவர், நால்வர் இருக்கும்போது வரும் பந்தயத்தையும், அதுவரை செக்கும் (பந்தயம் வைக்காமல் விடுவது) காலுமாக அமைதியாக இருந்தவர் டர்னில் திடீரென உயர்த்துவதையும் கூடுதலாக நம்பலாம். டோர்னமென்ட் போட்டிகளில் பரிசு கிடைக்கும் இடம் நெருங்கும்போது, இழக்கும் சிப்புகள் வெல்லும் சிப்புகளைவிட விலை உயர்ந்தவை என்பதால் 33 என்ற எல்லையை இன்னும் மேலே தள்ளி வைக்க வேண்டும்.

கவிழ்த்த பிறகு எதிராளியின் சீட்டைக் காட்டச் சொல்லிக் கெஞ்சும் பழக்கம் எனக்கும் வெகுநாள் இருந்தது. அவர் ஒருமுறை ப்ளஃபைக் காட்டிச் சிரித்துவிட்டால், அடுத்த ஒரு மணி நேரம் எதையுமே கவிழ்க்காமல் கால் செய்துகொண்டிருப்பேன். இப்போது மேசைச் சீட்டுகள், பந்தய அளவு, நான் எண்ணிய வெல்லும் கைகள், ப்ளஃபுகள் ஆகிய நான்கையும் ஒரு வரியில் குறித்துவைத்து, ஆட்டம் முடிந்த பின் அமர்ந்து மறுபடி எண்ணிப் பார்க்கிறேன்.