பைராட்ஸ் 4 வேறு, நான்காம் ஸ்டேஜ் வேறு

மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'பைராட்ஸ் 4' என்று இருக்கும். வீட்டில் யாராவது அதைப் பார்த்துவிட்டு "நாலாம் ஸ்டேஜாம்" என்று சொல்ல, டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே வீடு இழவு வீடு மாதிரி ஆகிவிடும். பைராட்ஸ் என்பது படத்தைப் பார்த்த ரேடியாலஜிஸ்டுக்கு எவ்வளவு சந்தேகம் என்பதற்கான எண், அவ்வளவுதான். 0 என்றால் 'ஒன்றுமில்லை' என்று அர்த்தமில்லை, இன்னும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்குள். வழக்கமாக ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். 4 என்றால் பயாப்ஸி, அதாவது சின்னத் துண்டு திசுவை எடுத்துச் சோதிப்பது, தேவை. அதிலும் 4ஏ-வுக்கு வாய்ப்பு 2 முதல் 10 சதவீதம், 4சி-க்கு 50 முதல் 95 வரை.

ஸ்டேஜ் என்ற பேச்சே புற்றுநோய் உறுதியான பிறகுதான் வரும். அது எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைச் சொல்வது. கிரேட் இன்னொரு கணக்கு: செல்கள் எவ்வளவு உருமாறியிருக்கின்றன என்பது. அதனால் 'ஸ்டேஜ் 0, கிரேட் 3' என்று ஒரே ஆளுக்கு வரலாம், அதில் முரண் ஏதுமில்லை.

படம் சொல்வது ஒன்று, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் திசு ஸ்லைடு சொல்வது ஒன்று, இனி என்ன ஆகும் என்பது வேறொன்று. பால் நாளங்களில் தொடங்கும் புற்றுநோய் பற்றிய ஆராய்ச்சிச் செய்திகளைப் படிக்கும்போதும் இந்த மூன்றையும் போட்டுக் குழப்புகிறோம். முதல் இரண்டில் ஆராய்ச்சி ரொம்ப தூரம் வந்துவிட்டது. மூன்றாவதில்தான் இன்னும் தடுமாற்றம்.

ஸ்டேஜ் 0 என்பதையே எடுத்துக்கொள்வோம். டி.சி.ஐ.எஸ். என்று ரிப்போர்ட்டில் வருவது இதுதான். மாறிப்போன செல்கள் பால் நாளத்துக்குள்ளேயே இருக்கும், நாளத்தின் சுவரைத் தாண்டியிருக்காது. தாண்டிவிட்டால் அது ஊடுருவும் புற்றுநோய். பெரும்பாலும் கைக்குத் தட்டுப்படாது. மேமோகிராமில் பொடிப்பொடியான கால்சியப் புள்ளிகளாகத் தெரியும். "இது புற்றுநோயே இல்லை" என்று விட்டுவிடுவது ஒரு தவறு. "இன்றே மார்பை எடுத்துவிடுங்கள்" என்று பதறுவது அதற்கு நேர் எதிர்த் தவறு. அமெரிக்காவில் டி.சி.ஐ.எஸ். இருந்த 1,08,196 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. 20 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 3.3 சதவீதம். ஆனால் 35 வயதுக்கு முன்பே வந்தவர்களுக்கும் கறுப்பினப் பெண்களுக்கும் ஆபத்து அதைவிடக் கூடுதல். சராசரியைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

டி.சி.ஐ.எஸ். உள்ளவர்களில் ஒரு குழுவுக்கு வழக்கம்போல் அறுவை சிகிச்சை, இன்னொரு குழுவுக்குக் கண்காணிப்பு மட்டும் என்று ஒப்பிட்ட அமெரிக்காவின் 'காமெட்' ஆய்வு முடிவு 2024 டிசம்பரில் வந்ததும் "அறுவை சிகிச்சையே தேவையில்லை" என்ற தொனியில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எண்கள் அப்படித்தான் ஆசை காட்டின: இரண்டு ஆண்டுகளில் ஊடுருவும் புற்றுநோய் கண்டறியப்பட்டது வழக்கமான சிகிச்சைக் குழுவில் 5.9 சதவீதம், கண்காணிப்புக் குழுவில் 4.2 சதவீதம். கண்காணிப்பு என்றால் சும்மா இருப்பது என்று நினைத்துவிட வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேமோகிராம், அதோடு பலர் ஹார்மோன் மாத்திரையும் எடுத்தார்கள். சேர்க்கப்பட்டவர்கள் 40 வயதைத் தாண்டியவர்கள், கிரேட் 1 அல்லது 2, ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ் (ஹார்மோனுக்கு வினைபுரியும் வகை), கட்டியாகத் தட்டுப்படாதவர்கள். அறுவை சிகிச்சைக் குழுவில் போடப்பட்ட பலர் அதைச் செய்துகொள்ளவே இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், இரண்டு ஆண்டு என்பது இந்த நோய்க்கு ஒரு காலமே இல்லை. கட்டி தட்டுப்பட்டு டாக்டரிடம் போன ஒருவர் இந்தச் செய்தியை நம்பி அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் இதில் ஆபத்தான தவறு.

ஊசி பயாப்ஸி சொன்னதே முடிவு என்று நினைப்பதும் சரியில்லை. ஊசி எடுப்பது சின்னத் துண்டு. அதில் டி.சி.ஐ.எஸ். மட்டும் என்று வந்தவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு, அறுவை சிகிச்சையில் முழுத் திசுவையும் எடுத்துப் பார்க்கும்போது ஊடுருவிய பகுதியும் கிடைக்கிறது. ஸ்லைடைப் படிப்பதும் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2015-இல் அமெரிக்காவில் 115 பத்தாலஜிஸ்டுகளிடம் (திசுவைப் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டர்கள்) ஸ்லைடுகளைக் கொடுத்து, அவர்கள் பதிலை ஒரு நிபுணர் குழுவின் முடிவோடு ஒப்பிட்டார்கள். ஊடுருவிய புற்றுநோயில் 96 சதவீதம் ஒத்துப்போனது, டி.சி.ஐ.எஸ்.-இல் 84. அதற்கும் முந்தைய, செல்கள் லேசாக மாறிய நிலையில் வெறும் 48. அதனால் இரண்டாவது கருத்துக்குப் போகும்போது ரிப்போர்ட் ஜெராக்ஸை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். லேபில் கேட்டு ஸ்லைடுகளையும் பாரஃபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்து வைத்த திசு) வாங்கிக்கொள்ளுங்கள். ஜெராக்ஸைப் பார்த்து எந்த பத்தாலஜிஸ்டும் புதிதாக ஒன்றும் சொல்லிவிட முடியாது.

அடுத்தது மேமோகிராமைப் படிக்க உதவும் ஏ.ஐ. ஸ்வீடனின் 'மசாய்' ஆய்வில் சுமார் 80,000 பெண்கள். 2023-இல் வந்த முதல் முடிவில் ஏ.ஐ. உதவியோடு 244 புற்றுநோய்கள் கண்டுபிடிக்கப்பட்டன, வழக்கமான முறையில் 203. படம் படிக்கும் வேலையும் 44 சதவீதம் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்தக் கூடுதல் 41-ஐப் பிரித்துப் பாருங்கள்: 19 ஊடுருவியவை, 22 நாளத்துக்குள்ளேயே இருந்தவை. அந்த 22-இல் எத்தனை பின்னால் தொல்லை கொடுத்திருக்கும், எத்தனை காலம் முழுக்க அப்படியே கிடந்திருக்கும் என்பதை ஏ.ஐ. சொல்லவில்லை. 'அதிகம் கண்டுபிடித்தது' என்பதை 'அத்தனை உயிரைக் காப்பாற்றியது' என்று படித்துவிடக் கூடாது.

சில வருடம் கழித்து அதே மார்பில் மறுபடி வந்தால் "பழையதை ஒழுங்காக எடுக்கவில்லை" என்று டாக்டரைத் திட்டுவதும் எப்போதும் நியாயமில்லை. 2022-இல் மரபணுக்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், பின்னால் வந்த ஊடுருவும் புற்றுநோய்களில் முக்கால்வாசி பழைய டி.சி.ஐ.எஸ்.-இன் வழித்தோன்றல், 18 சதவீதம் அதோடு தொடர்பே இல்லாத புதிய புற்றுநோய்.

கடைசியாக ஒன்று, நம் ஊரில் அதிகம் நடப்பது. கட்டி கையில் தட்டுப்படுகிறது, மேமோகிராம் 'நார்மல்' என்று வருகிறது, விஷயம் முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். அடர்த்தியான மார்பகத்தில், அதுவும் இளம் வயதில், மேமோகிராமுக்குக் கட்டி தெரியாமல் போகலாம். தட்டுப்படும் கட்டிக்கு அல்ட்ராசவுண்டும் தேவைப்பட்டால் பயாப்ஸியும் பார்த்த பிறகே முடிவு. கையால் பார்ப்பது ஒன்றும் பழைய வைத்தியம் இல்லை. மும்பையில் டாடா நினைவு மையம் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களிடம் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால்தான் சோதித்தார்கள். 20 ஆண்டு கணக்கு 2021-இல் வந்தபோது, 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. 50-க்குக் கீழே அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. அந்தச் செய்தியைப் பகிர்ந்த பலர் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டார்கள்.